சக்கரத்துக்குள் அடங்கிக் கிடந்த இழுப்பு

ஆத்தா நிவேதா,

விசா வந்துவிட்டது என்று நீ போனில் சொன்ன நாளிலிருந்து உன் அம்மா பொடி இடிப்பதும் டப்பாக்களைத் துடைத்து வெயிலில் கவிழ்ப்பதுமாக இருக்கிறாள். அவளுக்குச் செய்ய வேலை இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. போடி கடைத்தெருவில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கிறவன், உலோகத்துக்குள் எட்டிப் பார்ப்பதற்காகக் கடல் தாண்டிப் போகிற மகளுக்கு எதைக் கட்டிக் கொடுக்க முடியும்? எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள முதல்தர ஏலக்காய் இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன், அது வேறு. இன்று காலை கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுவிட்டு, சரக்கு வண்டிகள் மலையிலிருந்து இறங்கும் முன்பு, இதை எழுத உட்கார்ந்தேன். போன சித்திரையில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். எல்லாம் உனக்குத் தெரிந்த சங்கதிதானே என்று நினைப்பாய். நீ அதற்குள் இருந்தாய். வெளியே நின்று பார்த்தவன் நான். பார்த்தவனுக்கு அது எப்படி இருந்தது என்பதை நீ தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று தோன்றியது.

அதற்கு முன்பு உன் வேலை என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது என்பதுதான் உண்மை. பெங்களூரில், விமான இஞ்சினுக்கு உள்ளே சுற்றுகிற சக்கரங்களைச் செய்கிற கம்பெனியில் இருக்கிறாய், கம்ப்யூட்டரில் ஏதோ கணக்குப் போடுகிறாய், அவ்வளவுதான். சுருளிப்பட்டியில் உன் மாமா திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் ரூம் கட்டி விருந்து வைத்தபோது, "மச்சான், பிள்ள பிளேன் ஓட்டுதா?" என்று கேட்டான். "இல்ல மாப்ள, பிளேன் இஞ்சினுக்குள்ள இருக்க சக்கரத்தக் கம்ப்யூட்டர்ல செஞ்சு பாக்குது" என்றேன். அவன் விடாமல், "கம்ப்யூட்டர்ல செஞ்சா எப்படிப் பறக்கும்?" என்றான். நான் குனிந்து இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு நீ வந்தாய். அம்மா உனக்காக அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். எதற்காக என்று நீயும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்யாணத்துக்காகத்தான் இருக்கும். வந்த நாளிலிருந்து நீ மண்டிக்கு மேலே இருக்கும் அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். லீவு என்றுதான் சொல்லியிருந்தாய். மறுநாள் காலையில் நீ காப்பிக்கு இறங்கி வந்தபோது, "அப்படி என்னதான் பாக்குற ஆத்தா?" என்று கேட்டேன். அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து தண்டுக்கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். நீ அவள் முறத்திலிருந்து தடித்த பச்சைத் தண்டு ஒன்றை எடுத்து, நுனியிலிருந்து பாதி வரைக்கும் கத்தியால் நேராகக் கீறினாய். இரண்டு பாதியும் மெல்ல வெளிப்பக்கமாக வளைந்து, கவட்டை போல விரிந்தன.

"கத்தி நேராத்தானப்பா போச்சு. யாரு வளச்சா?" என்றாய்.

நான் குனிந்து அந்தத் தண்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"உள்ள இருக்க சதை நீளணும்னு பாக்குது. வெளித்தோலு விடமாட்டேங்குது. ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்கறதாலதான் தண்டு நேரா நிக்குது. கீறுனதும் பிடி விட்டுப்போச்சு. இழுப்பு முன்னாடியே உள்ள இருந்துச்சுப்பா. இப்பத்தான் நம்ம கண்ணுக்குத் தெரியுது."

"கீரைய வச்சு வெளாடாத, கொழம்புக்கு வேணும்" என்று அம்மா அந்தத் தண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிறகு மாடிக்குக் கூட்டிப் போய் உன் சக்கரத்தைக் காட்டினாய். நிக்கல் சேர்ந்த உலோகம். பிரஸ்ஸில் அடித்து உருவாக்கி, உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் இறக்குவார்கள். வெளிப்பக்கம் முதலில் குளிர்ந்து இறுகிவிடுகிறது. உட்பக்கம் பின்னால் குளிர்கிறது. குளிரும்போது சுருங்கப் பார்க்கிறது. இறுகிப்போன வெளிப்பக்கம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே எல்லாம் ஆறி முடிந்த பிறகும் உள்ளே இழுத்துக்கொண்டும் வெளியே நெருக்கிக்கொண்டும் அப்படியே நின்றுவிடுகிறது. எஞ்சிய தகைவு என்று பாடப் புத்தகத்துப் பெயர் சொன்னாய். எனக்கு இழுப்பு என்பதுதான் வாயில் நிற்கிறது. லேத்தில் கொடுத்து அந்தச் சக்கரத்தைச் செதுக்கும்போது ஒவ்வொரு அடுக்காக எடுக்க எடுக்க, உள்ளே சமமாக இருந்த கணக்கு குலைந்து, மிச்சமிருக்கும் உலோகம் மயிரிழை அளவு நெளிகிறது. அது எப்படி நெளியும், எங்கே எவ்வளவு இழுப்பு தங்கும் என்பதை உலோகத்தைத் தொடாமலேயே முன்கூட்டிச் சொல்வதுதான் உன் வேலை. உலை, எண்ணெய், லேத் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் மறுபடி நடத்திப் பார்க்கிறாய். சிமுலேஷன் என்கிறீர்கள். திரையில் அந்தச் சக்கரம் கண்ணுக்கு அகப்படாத சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு கணத்திலும் எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் இழுப்பு என்று அது கணக்குப் போட்டுக்கொண்டே போனது.

நான் சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்து, மோந்து பார்த்து, எடை போட்டுப் பிழைக்கிறவன். நீ சொன்ன இந்தச் சங்கதி எடை போட்டால் தெரியாது. தட்டிப் பார்த்தால் கேட்காது. மேசை மேல் சும்மா கிடக்கிற ஒரு பொருளுக்குள் இத்தனை பெரிய இழுபறி சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது, அதை என் மகள் எங்கள் மாடியில் உட்கார்ந்து பார்க்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை அப்போது சொல்லவில்லை. "காப்பி ஆறுது, குடி" என்றுதான் சொன்னேன்.

அன்று மத்தியானம் மோர் கொண்டு வந்தபோது நீ கம்பெனிக்காரர்களோடு திரையில் பேசிக்கொண்டிருந்தாய். நான் படியிலேயே நின்றுவிட்டேன். உற்பத்திப் பிரிவுத் தலைவர் வர்கீஸ் சார் பேசினார். நீ சொல்லிக் கேள்விப்பட்ட பெயர்தான். மலையாளம் கலந்த தமிழில், கோபமே இல்லாத குரலில் பேசினார். அது இன்னும் பயமாக இருந்தது.

"நிவேதா, ஞான் ஒண்ணு கேக்கட்டே? உன் கம்ப்யூட்டர் விளிம்பு மேல வளையும்னு சொல்லுது. என் மேசையில இருக்கற சக்கரம் கீழ வளைஞ்சிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாமே கீழதான். நான் எதை நம்பணும்?"

 நான் மோர்ச் செம்பைப் படியில் வைத்தேன். இத்தனை வருச வியாபாரத்தில் யாராவது சரக்கில் குறை சொன்னால் முதலில் வாயில் வருவது எங்களுக்கெல்லாம் ஒன்றுதான். என் சரக்கில் குறை இல்லை, உன் தராசைப் பார் என்போம். நீ அப்படி ஏதாவது சொல்லுவாய் என்று எதிர்பார்த்தேன்.

"சக்கரத்த நம்புங்க சார்" என்றாய். "எங்கணக்குல ஏதோ விட்டுப்போயிருக்கு. என்னன்னு தேடுறேன். கொஞ்சம் நேரம் குடுங்க."

லேத்தில் சக்கரத்தைப் பிடித்து வைக்கிற பிடிதான் அழுத்தி வளைக்கிறது, அதைச் சரிசெய்து கையிலிருக்கும் லாட்டை, அந்தத் தொகுதிச் சக்கரங்கள் எல்லாவற்றையும், முடித்து அனுப்பிவிடப் போகிறேன் என்று அவர் சொன்னார். கூட்டம் முடிந்தது. நான் கீழே இறங்கி வந்தேன். "என்ன, தப்பாப் போச்சாம்ல? அழுகுதா?" என்று கீழே காது கொடுத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள். "இல்ல. பேனாவ எடுத்துட்டா" என்றேன்.

அன்று பூராவும் உன்னை ஜாடையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வர்கீஸ் சாரை நீ ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுக்கவில்லை. உன் கணக்கு தப்பு என்று தெரிந்ததும் உனக்கு வந்தது வெட்கம் இல்லை, ஆர்வம். அது எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டுப் பக்கம் அப்படி யாரும் கிடையாது. அம்மா வீட்டுப் பக்கம் சுத்தமாகக் கிடையாது. எங்களுக்குப் பிறந்த பிள்ளைக்குள் எங்களுக்குத் தெரியாத ஒன்று இருப்பதைப் பார்த்து மலைத்துப்போய் நின்றேன்.

சாயங்காலம் நீ எண்ணெய்த் தொட்டிப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்குப் போன் போட்டு, சக்கரம் தொட்டியில் இறங்குவதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாய். அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாய். எனக்கும் காட்டினாய். பழுத்த சக்கரம் படுத்த வாக்கில் எண்ணெய்க்குள் இறங்குகிறது, ஒரே கொந்தளிப்பு, பிறகு அடங்குகிறது.

"எங்க கொமிழி வருது பாருங்கப்பா" என்றாய். "மேல்பக்கத்துல வந்தது உடனே மேல ஓடிருச்சு. மேல அடங்குனதுக்கு அப்புறமும் ஓரத்துல பெருசு பெருசா வந்துக்கிட்டே இருக்குல்ல? அது அடியில மாட்டிக்கிட்டுக் கெடந்த ஆவி. அடிப்பக்கம் தட்டை, அதுனால போக வழி இல்ல. அங்கன எண்ணெய் உலோகத்தத் தொடவே இல்ல. நான் ரெண்டு பக்கமும் ஒண்ணு போலக் குளுருதுன்னு வச்சுக் கணக்குப் போட்டேன்."

கீழ்ப்பக்கம் மெதுவாகக் குளிர்கிற மாதிரி மாற்றி, பெங்களூரில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் கணக்கை மறுபடி ஓடவிட்டாய். முடிய ஒரு நாளாவது ஆகும் என்றாய். மறுநாள்தான் வீரபாண்டி.

அந்தக் கூட்டத்தை நீ பார்த்தாயோ என்னவோ. முல்லையாற்றில் குளித்து மஞ்சள் சேலையோடு அம்மா சட்டி ஏந்தி நடந்தாள். வேப்பிலைக்கு மேல் சட்டி கனன்றது. கொட்டுச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு அம்மா திருநீறு வாங்க வரிசைக்குப் போனாள். நாம் இருவரும் ஆற்றங்கரையில் ஒரு பொரிக்கடை மறைவில் ஒதுங்கி நின்றோம். உன் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாய். வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய்.

"திரும்பிருச்சுப்பா" என்றாய்.

"என்னது ஆத்தா?"

"கீழ வளையுது. நெசச் சக்கரம் எப்படி வளஞ்சுச்சோ அப்படியே வளையுது."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாருக்கும் பொரி வாங்கிக் கொடுக்க வேண்டும் போல இருந்தது. உன் முகத்தில் மட்டும் சந்தோசம் இல்லை. படத்தை விரலால் பெரிதாக்கி நடுவில் கொண்டு போனாய். சக்கரத்தின் நடுத்துளையைச் சுற்றி வளையமாகச் சிவப்பு; அங்கே இழுப்பு அதிகம் என்று அர்த்தம்.

"வளையறது பெரிய காரியம் இல்லப்பா, சரிபண்ணிரலாம். இங்கன பாருங்க. லேத்துல கடைசியா மேல் அடுக்க எடுத்ததும் உள்ள இருந்த இழுப்பு நடுத்துளை ஓரத்துல வெளிய வந்து நிக்குது. இஞ்சின் சுத்தும்போது அதே இடத்த அதுவும் இழுக்கும். ரெண்டும் ஒரே பக்கம்."

"அப்ப என்னாகும்?"

"கீறல் விழலாம். விழாமயும் போகலாம். எனக்குத் தெரியாது. தெரியாம அனுப்பக் கூடாதுப்பா."

வர்கீஸ் சாருக்கு அங்கிருந்தே போன் போட்டாய். கொட்டுச் சத்தத்தில் கேட்காததால் ஸ்பீக்கரில் வைத்தாய். நான் குனிந்து காது கொடுத்தேன். நீ சொன்னதையெல்லாம் அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஒரு படத்தை வச்சு லாட்டை நிறுத்த முடியாது மோளே" என்றார். "நேத்து இதே கம்ப்யூட்டர்தானே வேற சொல்லுச்சு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கே அப்படித்தான் தோன்றியது. நீ போனை வாயருகே கொண்டு போனாய். பிறகு சொன்னாய்.

"அப்ப முடிஞ்ச சக்கரம் ஒண்ண எடுத்து அறுத்துப் பாத்துருவோம் சார். உள்ள இழுப்பு இருந்தா அறுத்த முகம் மட்டமா நிக்காது. எந்த எடத்துல குழியும், எந்த எடத்துல புடைக்கும்னு அறுக்குறதுக்கு முன்னாடியே கணக்க எல்லாருக்கும் அனுப்பிர்றேன். அப்புறம் நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

 ஒரு சக்கரம் உருவாக மாதக்கணக்கில் ஆகும் என்று நீ சொல்லியிருந்தாய். அறுத்துவிட்டால் அது பழைய இரும்புக்குத்தான் போகும். நீ சொன்னது நடக்காவிட்டால் அதற்குப் பிறகு அந்த இடத்தில் உன் பேச்சு எடுபடாது. அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடைசியில் அவர், "கணக்கை அனுப்பு. அறுக்கலாம்" என்றார்.

அம்மா கை நிறையத் திருநீறோடு வந்தாள். "என்ன சொன்னாக?" என்றாள். "அறுக்கப்போறாகளாம்" என்றேன். எதை, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. உன் நெற்றியில் பூசினாள். உன் கையிலிருந்த போனிலும் ஒரு தீற்றுத் தீற்றினாள். "நீங்களும் கூடப் போங்க, பிள்ளையத் தனியா விடாதீக" என்றாள் என்னிடம்.

அப்படித்தான் நான் உன்னோடு பெங்களூருக்கு வந்தேன். தொழிற்சாலைக்குள் என்னை விடமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வர்கீஸ் சார் வாசலுக்கே வந்து, எனக்குத் தொப்பியும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போனார். நான் நினைத்திருந்த ஆள் வேறு, அவர் வேறு. மெலிந்த மனிதர், சட்டைப் பையில் பேனாவும் மாத்திரை அட்டையும். எந்த ஊர் என்று கேட்டார். போடி, ஏலக்காய் வியாபாரம், சரக்கெடுக்க வண்டன்மேடு நெடுங்கண்டம் வரைக்கும் போவேன் என்றேன். அவர் கட்டப்பனைக்குப் பக்கம் பிறந்தவராம். மலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அதன் பிறகு இருவரும் மலையாளத்திலேயே பேசினோம். போகிற வழியில் நின்று, தாழ்ந்த குரலில் அவர் சொன்னதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. "உங்கள் மகளோடு எனக்குச் சண்டை இல்லை. அவள் சொல்வது தப்பானால் ஒரு சக்கரம் போகும். சரியானால் எல்லாச் சக்கரமும் நிற்கும். எது நடந்தாலும் மேலே பதில் சொல்ல வேண்டியவன் நான். அதனால் ஒரு வாரமாக எனக்கும் சோறு இறங்கவில்லை" என்றார். நீ மட்டும்தான் பாரத்தைச் சுமக்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

அறுப்பது என்றதும் நான் பெரிய ரம்பத்தை நினைத்தேன். அங்கே இருந்தது தலைமுடி போன்ற ஒரு கம்பி. தண்ணீருக்குள் சக்கரம். கம்பி உலோகத்தைத் தொடாமலேயே, இடையில் மின்பொறி பறந்து, உலோகம் துளித்துளியாகக் கரைந்து வழிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தால் அசைவதே தெரியவில்லை. நான் டீ குடித்துவிட்டு வந்தேன், சாப்பிட்டுவிட்டு வந்தேன், அது அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் இரண்டு பாதியும் பிரிந்தன. ஏதாவது சத்தம் வரும், துள்ளும், விரியும் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. வெளியே எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தபோது அறுத்த முகம் கண்ணாடி போல மட்டமாக இருந்தது. கணக்கு பொய்த்துவிட்டது என்று நினைத்து நான் உன் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை அதை அளந்தார்கள். குளிரூட்டிய அறை. குண்டூசித் தலை அளவு சிவப்புக் கல் பதித்த ஒரு கோல் அந்த முகத்தைத் தொட்டது, விலகியது, பக்கத்தில் தொட்டது, விலகியது. கோழிக்குஞ்சு கொத்துகிற மாதிரி, ஆனால் அவசரமே இல்லாமல். என் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த அந்த முகத்தில் மேடும் பள்ளமும் இருந்ததை அது ஒவ்வொரு புள்ளியாகக் கண்டுபிடித்தது. அந்த மேடு பள்ளத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அறுப்பதற்கு முன்னால் உள்ளே இழுப்பு எப்படி இருந்தது என்று படமாக்கினார்கள். திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று, எங்கள் மண்டி மாடியில் உட்கார்ந்து நீ போட்ட கணக்கு. மற்றது, உலோகம் தானே காட்டியது. நீலம் இருந்த இடத்தில் நீலம். மஞ்சள் இருந்த இடத்தில் மஞ்சள். நடுத்துளையைச் சுற்றி அதே சிவப்பு வளையம்.

அந்த அறையில் யாரும் கைதட்டவில்லை. நான் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினேன். உன் கணக்கு ஜெயித்துவிட்டது என்பதற்காக இல்லை, ஆத்தா. ஒரு சக்கரத்துக்குள், கல்லைவிடக் கெட்டியான ஒன்றுக்குள், எந்தக் கண்ணும் போக முடியாத இடத்தில் இருந்ததை, மனுசப் பிள்ளை ஒன்று யோசித்தே போய்த் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. அது நடக்கக்கூடிய காரியம் என்றே எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

வர்கீஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். போனை எடுத்து, "லாட் போக வேண்டாம். எல்லாத்தையும் திரும்ப உள்ள எடுத்து வைங்க" என்றார். பிறகு என்னிடம், "சேட்டா, வேலைக்கு வந்த காலத்திலிருந்து இந்தச் சக்கரத்தைக் கையில எடுக்கறேன். உள்ளே இப்படி ஒண்ணு இருக்குன்னு படிச்சிருக்கேன். இன்னைக்குத்தான் பார்த்தேன்" என்றார். நான் உன்னைத் தேடினேன். நீ திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, சிவப்பு வளையத்தின் ஒரு ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தாய்.

"இந்த எடத்துல நான் சொன்னத விடக் கொஞ்சம் கூட இருக்கு சார். ஏன்னு தெரியல" என்றாய்.

அவர் சிரித்துவிட்டார். "இன்னைக்கு ஒரு நாள் வீட்டுக்குப் போ மோளே" என்றார்.

தொட்டியில் சக்கரத்தைப் படுக்க வைக்காமல் ஆவி வெளியேறுகிற மாதிரி சாய்த்து இறக்கும் தாங்கியைப் பிறகு செய்தார்கள் என்றும், அதற்கப்புறம் சக்கரங்கள் வளையவில்லை என்றும், செதுக்கும் முறையையும் மாற்றி நடுத்துளை இழுப்பைக் குறைத்துவிட்டார்கள் என்றும் நீ போனில் சொன்னாய். அம்மா அது வீரபாண்டிக் கௌமாரியம்மன் செய்தது என்றாள். நான் மறுக்கவில்லை. ஆனால் நீ விரல் வைத்த அந்த ஓரம் உன்னை விடவில்லை. அறுக்காமலே உள்ளே பார்க்க வேண்டும், உலோகத்துக்குள் நியூட்ரானைப் பாய்ச்சி அணுவுக்கும் அணுவுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அளக்கிற இடம் இருக்கிறது, அங்கே போகப் போகிறேன் என்றாய். வர்கீஸ் சார்தான் சிபாரிசு எழுதிக் கொடுத்தார். அந்த ஓரத்துக்காகத்தான் இப்போது நீ கடல் தாண்டுகிறாய். ஊரில் கேட்கிறவர்களிடம் மேல்படிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு விரல் அகலத்து இடத்தில் கணக்கு கொஞ்சம் பிசகுகிறது, அதைப் பார்க்கப் போகிறாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்பா என்றால் நாலு புத்தி சொல்ல வேண்டும். உன் வேலையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. குடும்பத்துக்குள்ளும் இப்படித்தான் இழுப்பு இருக்கும், பொறுத்துப் போ என்று உன் சக்கரத்தை எடுத்துக்காட்டாக்கி உபதேசம் செய்யவும் எனக்கு மனசு வரவில்லை. உலோகம் உலோகமாக இருக்கட்டும், அதுவே போதுமான அளவுக்கு அதிசயம். சொல்ல வேண்டியது சின்னச் சின்னதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற அந்த நாக்கை அங்கேயும் கொண்டு போ. புது ஊரில், புது மனுசர்களுக்கு நடுவில், அதற்கு இங்கே ஆனதைவிடக் கூடுதலாகத் தைரியம் வேண்டியிருக்கும். உன்னோடு ஒத்துப்போகாத ஆளும் சோறு இறங்காமல் இருப்பான் என்பதை நினைவில் வை. குளிருக்கு அம்மா வைத்துவிடும் கம்பளிச் சட்டை அழகில்லை என்று பெட்டியிலேயே வைத்துவிடாதே. தேவதானப்பட்டி வரன் பற்றி அம்மா போனில் ஆரம்பித்தால் கோபப்படாமல் கேட்டுக்கொள். போகாதே என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நீ வேண்டும் என்கிறபோது பேசலாம் என்று நான் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். அவர்களும் நல்ல மாதிரியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

இன்னொன்று. பெங்களூரிலிருந்து திரும்பும்போது நீ என்னைப் பேருந்தில் விடாமல் மதுரைக்கு விமானத்தில் ஏற்றிவிட்டாய். எனக்கு அது முதல் தடவை. எப்படி இருந்தது என்று நீ போனில் கேட்டபோது, "நல்லா இருந்துச்சு, காப்பிதான் சரியில்ல" என்று சொன்னேன். நடந்ததைச் சொல்ல அப்போது எனக்கு வார்த்தை வரவில்லை. இறக்கையில் விசிறி வைத்த சின்ன விமானம். எனக்கு ஜன்னல் பக்கம் கிடைத்தது. விசிறி வெளியே தெரிந்தது. அதற்குப் பின்னால், கூட்டுக்குள், கண்ணுக்குத் தெரியாமல் சுற்றுகிற சக்கரங்களைப் பற்றி அந்த வண்டியில் என்னைத் தவிர யாரும் நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஏறியதும் தூங்கிவிட்டார். முன்னால் ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பையன்கள் போனில் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பயம் வரவில்லை. இந்தச் சக்கரத்தையும் எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒரு பிள்ளை பார்த்திருக்கும். அதன் கணக்கும் ஒரு நாள் தலைகீழாக வந்திருக்கும். என் கணக்கில்தான் தப்பு என்று சொல்லிவிட்டு அது மறுபடி உட்கார்ந்திருக்கும். அதன் அப்பன் படியில் நின்று கேட்டிருப்பான். அந்தப் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது. இவர்கள் இப்படி நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

மதுரையில் இறங்கி எல்லாரும் கட்டடத்தைப் பார்த்து நடந்தார்கள். நான் நின்று திரும்பிப் பார்த்தேன். விசிறி நின்றுவிட்டது. இஞ்சினிலிருந்து கிளம்பிய சூட்டில் பின்னால் இருந்த காற்று நெளிந்துகொண்டிருந்தது. அங்கே வேலை பார்க்கிற பையன் ஒருவன் ஓடி வந்து, "அய்யா, இங்கன நிக்கக் கூடாது, போங்க" என்றான். "ஒரு நிமிசம்ப்பா" என்றேன். யாருக்கு என்று தெரியாமலே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

போயிட்டு வா, ஆத்தா.

அப்பா